தொண்ணூத்தாறு தலைப்பாகை

மொதல்ல தொப்பியப் பாருங்க சார். மூஞ்சியப் பாக்காதீங்க, துப்பாக்கியப் பாக்காதீங்க, எந்த போஸ்ல நிக்கிறான்னு பாக்காதீங்க. தொப்பி. பத்தொம்பதாம் நூற்றாண்டுல ஒரு பட்டாளம் எந்த வருஷத்துப் பட்டாளம்னு தலைய வச்சுத்தான் சொல்ல முடியும். கோட்டு அப்படியே இருக்கும், பட்டன் அப்படியே இருக்கும், அஞ்சு வருஷத்துக்கு ஒருக்கா எவனாவது ஒரு தொரை வந்து தலைல கை வைப்பான். நீங்க கொண்டுவந்த ஈயச் சிப்பாய் லிஸ்ட்ல சைஸ் எழுதியிருக்கீங்க, எந்தக் கம்பெனின்னு எழுதியிருக்கீங்க, எத்தனை உருப்படின்னு எழுதியிருக்கீங்க. வருஷம் எங்க? வருஷம் பாக்காம வாங்கினா அது பொம்மை சார். பாத்து வாங்கினாத்தான் சிப்பாய்.

உக்காருங்க. அந்த ஜன்னலோர நாற்காலியிலயே உக்காருங்க, இப்ப அது சும்மாதான் கெடக்கு. காபி வரும். நீங்க பேங்க்ல மாத்தலாகி திருச்சி வந்து ரெண்டு மாசம்தான் ஆச்சுன்னு சொன்னீங்கள்ல. ஃபோன்ல பேசும்போதே நெனச்சேன், ஆர்வமான மனுஷன், எடுத்துச் சொல்ல ஆள் இல்லாம கண்டதையும் வாங்கிடப் போறார்னு. வாங்கறதுக்கு முன்னாடி என்கிட்ட வந்தீங்க பாருங்க, அது நல்ல காரியம். எல்லாரும் வாங்கிட்டு வந்து காட்டுவாங்க. நான் என்ன சொல்றது அப்புறம்?

நான் முப்பத்தோரு வருஷம் ரயில்வே ஒர்க்‌ஷாப்ல இன்ஸ்பெக்‌ஷன்ல இருந்தவன். கோதண்டபாணி பாத்து அனுப்பினா மறுபேச்சு கெடையாது. அந்தக் கண்ணு ரிட்டயர் ஆகலை. இந்த மாடி ரூமையும் அப்படித்தான் நடத்தறேன். பழைய சண்டை ஒண்ண எடுத்துக்குவோம், மேசைல கோட்டை, வாய்க்கால், ரோடெல்லாம் அமைப்போம், ஈயச் சிப்பாய்ங்கள நிறுத்தி, பகடை உருட்டி, அளவுகோல் வச்சு நகத்துவோம். எங்க வீட்டம்மாவுக்கு இது சொப்பு வெளாட்டு. சொல்லிக்கட்டும். ஒரே ஒரு சட்டம்தான் எனக்கு. தப்பான சிப்பாய் மேசைல நிக்கக் கூடாது. தப்புன்னு பட்டா நான் எடுத்து குப்புறப் படுக்க வச்சிருவேன். படுத்தா வெளிய. யாரோடதா இருந்தாலும் சரி.

மூணு பேர் இருந்தோம். நான், பல் டாக்டர் ஜமாலுதீன், அப்புறம் ஸ்டனிஸ்லாஸ். இப்ப ஜமால் கிளினிக்ல வேலை அதிகம்னு வர்றதில்ல. நல்ல ஆளு, தேஞ்சுபோன பல் கருவியெல்லாம் நமக்குத் தருவாரு, ஈயத்துல பிசிறு எடுக்க அது மாதிரி வராது. ஸ்டனிஸும் வர்றதில்ல. அது தனிக் கதை. அதத்தான் சொல்ல வர்றேன். கேட்டீங்கன்னா தொப்பி விஷயத்துல ஜென்மத்துக்கும் தப்பு பண்ணமாட்டீங்க.

ஸ்டனிஸ் ஒர்க்‌ஷாப்ல பெயிண்டர். ஸ்டிக்கர் வர்றதுக்கு முன்னாடி ரயில் பெட்டில நம்பரு, ஊர்ப்பேரு எல்லாம் கையால எழுதினவன். கையில ஒரு நடுக்கம் இருக்காது. அஞ்சு மணிக்கு சங்கு ஊதினாலும் அந்த எழுத்த முடிச்சிட்டுத்தான் ஏணியவிட்டு எறங்குவான். ரிட்டயர் ஆனப்புறமும் என்னை சார்னுதான் கூப்பிடுவான். பேரு சொல்லிக் கூப்பிடுப்பான்னு நானே எத்தனையோ தடவை சொல்லியிருக்கேன். சிரிப்பான், "சரி சார்"பான்.

இங்க வந்த நாள்லேர்ந்து அவன் மத்தவங்க சிப்பாய்க்குத்தான் பெயிண்ட் அடிச்சுக்கிட்டிருந்தான். எனக்கு, ஜமாலுக்கு. தனக்குன்னு ஒரு படை கெடையாது. ஒருநாள் சனிக்கிழமை ஜமால் போனப்புறம் இந்த நாற்காலியிலதான் உக்காந்திருந்தான். "சார், எனக்குக் கண்ணு போகுது"ன்னான்.

கண்ணுல பிரஷராம். பக்கவாட்டுலேர்ந்து இருட்டிக்கிட்டே வருதாம். ஒரு குழாய் வழியாப் பாக்கற மாதிரி, நடுவுல மட்டும் தெரியுமாம். கைல இருக்கற சிப்பாயோட மீசை தெரியும், பக்கத்துல இருக்கற காபி டம்ளர் தெரியாது. நானும் கவனிச்சிருக்கேன், மூணு வாரமா டம்ளரத் தட்டிவிட்டுக்கிட்டே இருந்தான், மேசைய நாசம் பண்றியேன்னு திட்டியிருக்கேன். டாக்டரு ஒரு வருஷம்னு சொல்லிட்டாராம். "போறதுக்குள்ள ஒரு படை முடிச்சிடணும் சார். முப்பது வருஷம் பெட்டில எழுதினேன், நாடு பூரா ஓடுது, எதுலயும் என் பேரு கெடையாது. படைக்கு முன்னால ஒரு அட்டை வச்சு என் பேரு எழுதணும். அப்புறம் முழுசாப் பாக்கணும்." ஜமாலுக்குச் சொல்ல வேணாம்னு கேட்டுக்கிட்டான். சம்சாரம் ரெஜினாவுக்குத் தெரியும், எனக்குத் தெரியும், அவ்வளவுதான்.

முழுசாப் பாக்கறதுன்னா என்னன்னு கேட்டேன். அவனால ஒரே சமயத்துல ரெண்டு மூணு சிப்பாய்க்கு மேல பாக்க முடியாது, குழாய்க்குள்ள அவ்வளவுதான் அடங்கும். ஆனா தூரமாப் போயி நின்னா அடங்குமாம். "பெரிய ஹாலா இருந்தா, கடைசி வரைக்கும் போயிட்டுத் திரும்பிப் பாத்தா, அத்தனை பேரும் ஒண்ணா தெரிவாங்க சார்"ன்னான். கணக்கெல்லாம் போட்டு வச்சிருந்தான். நாப்பது அடி வேணுமாம். இந்த ரூம் பதினாலு அடிதான்.

எனக்கு மனசு எளகிடுச்சு. நான் கல்லு இல்ல சார். ஒரு காலேஜ்ல சரித்திரக் கண்காட்சி வருது, பெரிய ஹாலு, அங்க நம்ம மேசையப் போடுவோம்னேன். வேலூர்க் கோட்டை, ஆயிரத்து எண்ணூத்து ஆறு. உங்களுக்குத் தெரியும்ல. சிப்பாய்ங்க தலைல தோல் குஞ்சம் வச்ச புதுத் தினுசுத் தலைப்பாகைய வைக்கணும்னு வெள்ளக்காரன் உத்தரவு போட்டான். மாட்டோம்னவனுக்குக் கசையடி. கடைசில ஜூலை மாசம் ஒரு விடிகாலை கோட்டையப் புடிச்சிட்டானுங்க, ஆற்காட்டுலேர்ந்து குதிரைப்படை வந்து நூத்துக்கணக்குல கொன்னு தள்ளிடுச்சு. மேசைக்கு அருமையான சண்டை. கோட்டை, அகழி, வாசக்கதவு, எல்லாம் இருக்கு. குதிரைப்படை நான், சிப்பாய்ங்க ஸ்டனிஸ். தோக்கற பக்கம்தான் அவனுக்கு. ஆனா பாக்க அழகா இருக்கறது அதுதானே.

சரி, சிப்பாய்ங்கள எடுக்கணும். வெளிநாட்டுக் கம்பெனி ஒண்ணு, கம்ப்யூட்டர்ல படம் போட்டிருப்பான், கட்டை விரல் அளவு படம், பெயிண்ட் அடிக்காத சாம்பல் கலர்ல. ஸ்டனிஸுக்கு அது பிடிபடலை. "நீங்களே எடுத்துடுங்க சார், உங்க கண்ணு தப்பாது"ன்னான். நானே எடுத்தேன். மதராஸ் சிப்பாய்னு ரெண்டு பாக்கெட் போட்டிருந்தான், எட்டு பேர் ஒரு பாக்கெட்டு. ஒண்ணுல துப்பாக்கியத் தோள்ல சாத்தி மரம் மாதிரி நிக்கறானுங்க. இன்னொண்ணுல துப்பாக்கி முனைக் கத்திய நீட்டிக்கிட்டு வாயத் தொறந்து ஓடி வர்றானுங்க, பாத்தாலே உசுரு இருக்கு. கலகம் பண்றவன் ஓடித்தானே வருவான்? ஓடறவங்கள எடுத்தேன். பன்னண்டு பாக்கெட், தொண்ணூத்தாறு பேரு. ரெண்டு படமும் பக்கத்துல பக்கத்துல இருந்துச்சு, யாரு எடுத்தாலும் கை அதுலதான் போகும். பார்சல் வந்தது ஸ்டனிஸ் பேருக்குத்தான், கையெழுத்துப் போட்டு வாங்கினதும் அவன்தான். இத எதுக்குச் சொல்றேன்னா, அப்புறம் வரும்.

அவன் ஆரம்பிச்சிட்டான். காலைல ஒம்பது மணிலேர்ந்து வெளிச்சம் இருக்கற வரைக்கும். சனிக்கிழமை சனிக்கிழமை எட்டு பேரக் கொண்டாந்து வரிசையா வைப்பான். என்ன சொல்றது, வேலைன்னா வேலை. கண்ணு முழி வச்சிருப்பான் சார், கடுகுல பாதி இருக்கற மூஞ்சில. ஒவ்வொருத்தனும் ஒவ்வொரு நிறம், மாநிறம், கருப்பு, புது நிறம். ஒருத்தனுக்கு அம்மைத் தழும்பு. இதெல்லாம் யாருக்குத் தெரியப் போகுதுன்னேன். "அவனுக்குத் தெரியும்ல சார்"னான், அந்த ஈயத்தக் காட்டி.

மூணாவது வாரம். பதினாறு பேர் முடிஞ்சிருந்தது. நான் லென்ஸ வச்சு ஒருத்தன எடுத்துப் பாக்கறேன், எப்பவும் பாக்கற மாதிரிதான். தலைல தோல் பட்டை. பக்கத்துல குஞ்சம்.

லென்ஸத் தொடச்சிட்டு மறுபடி பாத்தேன்.

புரியுதா சார்? எந்தத் தலைப்பாகைய வைக்கமாட்டோம்னு அவங்க செத்தாங்களோ அந்தத் தலைப்பாகைய வச்சுக்கிட்டு கலகம் பண்றானுங்க. அது பின்னாடி வருஷத்துப் பாக்கெட்டு. மரம் மாதிரி நின்னானுங்க பாருங்க, அவனுங்கதான் சரியான ஆளுங்க.

ஸ்டனிஸ் என் முகத்தப் பாத்தான். ஒரு தப்பும் அவனுக்குப் புரியல, தொப்பி சமாச்சாரம் அவனுக்குத் தெரியாது, நான் குடுத்ததுக்கு நெறம் அடிக்கறவன். "என்ன சார், ஏதாச்சும் தப்பா?"ன்னான். ஜமால் வேற எதிர்ல உக்காந்திருக்காரு. அவருக்கு நாலு வருஷமா என்மேல ஒரு கடுப்பு. அவரோட குதிரைப்படைல ஒருதரம் பன்னண்டு பேர குப்புறப் படுக்க வச்சிட்டேன், சேணம் தப்புன்னு. இப்ப நான் வாயத் தொறந்தா என்ன ஆகும்? இன்ஸ்பெக்டர் சாரே தொப்பியக் கோட்டை விட்டுட்டாருன்னு சிரிப்பாரு. அது போகட்டும். ஸ்டனிஸ் மனசு என்ன பாடுபடும்? எவ்வளவு ஆசையா பண்ணிக்கிட்டிருக்கான், பாதில போயி ஒடைக்கறதான்னு நெனச்சேன். அவன் உற்சாகத்துக்காகத்தான் சார் நான் பேசாம இருந்தேன். "காலர்ல மஞ்சள் கொஞ்சம் தூக்கலா இருக்கு"ன்னேன்.

பதினாறு பேருக்கும் காலர் மாத்திக்கிட்டு வந்தான்.

அப்புறம் எட்டு மாசம். நான் எதையாவது சொல்லிக்கிட்டே இருக்கணும்ல, இல்லாட்டி அவன் தொப்பியப் பத்தி ஏதாவது கேட்டுட்டான்னா? பெல்ட்டு வெள்ளை பத்தாதும்பேன். செருப்பு வார் மொத்தம்பேன். பொத்தான் பளபளப்புக் கொறையும்பேன். ஒண்ணொண்ணையும் திரும்ப எடுத்துக்கிட்டுப் போயி திருத்திக்கிட்டு வருவான். அது அவனுக்கு நல்லதுதான், கை பழகிக்கிட்டே இருக்கும். ஆனா தொப்பிய மட்டும் நான் ஒருநாளும் நல்லா இருக்குன்னு சொன்னதில்ல. அந்த விஷயத்துல என் மனசாட்சி சுத்தம்.

அறுபது பேர் முடிஞ்ச சமயம் ரெஜினா வந்தாங்க. தனியா வந்தாங்க, காய்கறிப் பையோட, மார்க்கெட்டுப் போறேன்னு சொல்லிட்டு வந்திருக்காங்க. இங்க வாசல்ல நின்னுக்கிட்டே பேசினாங்க. "அண்ணே, அவரு கண்ணுல தண்ணியா வடியுது. ஒரு ஆளுக்கு மூணு நாளு ஆகுது இப்ப. அடிச்சதையே திரும்பத் திரும்ப அடிக்கிறாரு. டாக்டரு ஓய்வு குடுங்கறாரு. நான் சொன்னாக் கேக்க மாட்டாரு. நீங்க போதும்னு ஒரு வார்த்தை சொன்னீங்கன்னா விட்டுடுவாரு."

அறுபதோட விட்டா அது என்ன படை சார்? எட்டு எட்டா பன்னண்டு அணி வேணும், ஆட்டத்தோட சட்டம் அது. "இன்னும் முப்பத்தாறுதான்மா, அவன் ஆசைய நாம கெடுக்கக் கூடாது"ன்னு சொல்லி அனுப்பினேன். "சரிங்கண்ணே"ன்னு பையத் தூக்கிக்கிட்டுப் போனாங்க. படிக்கட்டுல கொஞ்ச நேரம் நின்ன மாதிரி இருந்துச்சு.

தொண்ணூத்தாறும் முடிஞ்சுது. கண்காட்சிக்கு நாலு நாள் முன்னால.

கண்காட்சி நாள நெனச்சா எனக்கு இன்னும் வயித்தெரிச்சலா இருக்கு சார், எவ்வளவு பாடுபட்டு அந்தக் கோட்டையக் கட்டினேன். தெர்மாகோல்ல மதில், கண்ணாடிப் பலகைல அகழி. ஸ்டனிஸ் இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டையில வந்தான், ரெஜினா கையப் புடிச்சிக்கிட்டு. எட்டு எட்டா அவனே நிறுத்தினான், தடவித் தடவி. முன்னால அட்டை வச்சான். "படை: ம. ஸ்டனிஸ்லாஸ்." அவனே எழுதினது, ரயில் பெட்டி எழுத்துல. அப்புறம் கதவுப் பக்கம் திரும்பி, "சார், கடைசி வரைக்கும் நாப்பத்தஞ்சு அடி இருக்கும்ல?"ன்னு கேட்டான். இருக்கும்ப்பா, போய் பாருன்னேன். ரெண்டு நிமிஷம் சார். ரெண்டு நிமிஷம் கழிச்சு அந்த டீச்சரம்மா வந்திருந்தா ஒண்ணுமே இல்ல.

திலகவதி மேடம்னு, அந்தக் காலேஜ்ல சரித்திரம் எடுக்கறவங்க. பசங்க ஒரு முப்பது பேரோட வந்து நின்னாங்க. நல்லாத்தான் பாத்தாங்க. ரொம்ப அழகா இருக்குன்னாங்க. அப்புறம் குனிஞ்சாங்க. குனிஞ்சு, சிரிச்சாங்க, கெட்ட எண்ணத்தோட இல்ல, சும்மா. "ஏன் சார், எந்தத் தலைப்பாகை வேணாம்னு எழுந்தாங்களோ அதையே கட்டிக்கிட்டு எழுந்திருக்காங்களே?"

பசங்க சிரிச்சிடுச்சுங்க. ஜமால் என்னைப் பாத்தாரு. எல்லாரும் என்னைப் பாக்கறாங்க, மேசை என்னோடதுதானே. நான் என்ன செய்யறது? "நான் அப்பவே சொன்னேன் மேடம். படை அவரோடது. பாவம், அவருக்குக் கண்ணு போயிக்கிட்டிருக்கு, அதான் தொப்பி தெரியல"ன்னேன்.

அவனக் காப்பாத்தத்தான் சார் சொன்னேன். விவரம் கெட்டவன்னு நெனக்கறதவிட கண்ணு தெரியாதவன்னு நெனச்சா நாலு பேரு பரிதாபப்படுவாங்கள்ல. அவங்களும் ஐயோன்னாங்க. பசங்க சிரிப்பு நின்னுபோச்சு. எல்லாரும் ஸ்டனிஸத் திரும்பிப் பாத்தாங்க. ஜமாலுக்கு அதுவரைக்கும் கண்ணு விஷயம் தெரியாது, அவரு வாயில கைய வச்சுக்கிட்டாரு.

ஸ்டனிஸ் என்ன சொன்னான் தெரியுமா? நான் இருந்த பக்கமாத்தான் முகத்தத் திருப்பினான், ஆனா என்னைச் சரியாப் பிடிக்க முடியல அந்தக் குழாய்க்குள்ள, ஒரு அடி தள்ளிப் பாத்துக்கிட்டு, "ஆமாங்க மேடம். என் தப்புதான்"னான். பாத்தீங்களா, அவனே ஒத்துக்கிட்டான். நான் வாயத் தொறக்கச் சொல்லல. அப்புறம் ரெஜினா கைய விட்டுட்டு, சுவத்தத் தொட்டுக்கிட்டே கதவுப் பக்கம் நடக்க ஆரம்பிச்சான்.

எனக்குச் சட்டம்னா சட்டம். முப்பது பசங்க பாத்துக்கிட்டிருக்காங்க, ஒரு சரித்திர டீச்சர் பாத்துக்கிட்டிருக்காங்க, தப்புன்னு தெரிஞ்சும் நிக்க விட்டா என்ன மரியாதை? ஒவ்வொருத்தனா எடுத்து குப்புறப் படுக்க வச்சேன். நின்ன எடத்துலயே. ஜமால் "வேணாம் பாணி, வேணாம், அவரு பாத்துடட்டும்"னாரு. அவருக்கு எப்பவுமே எளகின மனசு, பல்லு புடுங்கும்போதும் அப்படித்தான். நான் நிறுத்தல. தொண்ணூத்தாறு பேரு, ஒரு அஞ்சு நிமிஷம் ஆகியிருக்கும். சத்தமே இல்ல ஹால்ல, டக் டக்னு ஈயம் மேசைல படற சத்தம் மட்டும்.

கடைசி ஆள வச்சிட்டு நிமிந்தா, ஸ்டனிஸ் அந்தக் கோடில கதவுகிட்ட திரும்பி நிக்கறான். சட்டைய இழுத்து விட்டுக்கிட்டு, கைய பின்னால கட்டிக்கிட்டு, மேசையப் பாக்கறான். நாப்பத்தஞ்சு அடி, எல்லாம் ஒண்ணாத் தெரிஞ்சிருக்கும். ரொம்ப நேரம் பாத்தான். அவன் பாத்தது முதுகுதான். ஆனா ஒண்ணு சொல்லணும் சார், முதுகுப் பக்கம் அவன் வேலை பிரமாதம். குறுக்குப் பட்டை, பை, தண்ணிக் குடுவை, அவ்வளவு நேர்த்தி. யாரும் அதக் கவனிக்கல. படுக்க வச்சப்ப நான்தான் கவனிச்சேன்.

அன்னிக்கப்புறம் ஆறு மாசம் அவன் வரல. ஜமால்தான் கிளினிக்னு சொன்னேனே. நான் தனியா குதிரைப்படைய வச்சு, ரெண்டு பக்கமும் நானே பகடை உருட்டி ஆடிக்கிட்டிருந்தேன். அது ஒண்ணும் மோசமில்ல, ஜெயிக்கறது யாருன்னு சண்டை வராது.

அப்புறம் ஒரு சனிக்கிழமை சாயங்காலம் நாலு மணி, சரியா பழைய நேரத்துக்கு, படில ரெண்டு பேர் ஏறி வர்ற சத்தம். ரெஜினா முன்னால, அவங்க தோள்ல கைய வச்சு அவன் பின்னால. கண்ணு சுத்தமாப் போயிடுச்சு. வெளிச்சம் இருட்டு மட்டும் தெரியுமாம். ரெஜினா கைல ஒரு அட்டைப்பெட்டி, அதுக்குள்ள அந்தப் படை. "சார், திருத்திட்டேன். பாருங்க"ன்னான்.

என்ன பண்ணியிருக்கான்னா, தொண்ணூத்தாறு தலையிலயும் அந்தத் தோல் பட்டையையும் குஞ்சத்தையும் அரத்தால ராவிட்டான். கொஞ்சநஞ்சம் பார்வை இருந்தப்ப பாதி, போனப்புறம் பாதி. மூஞ்சில அரம் பட்டுடக் கூடாதுன்னு கட்டை விரல் நகத்த மூக்குமேல வச்சுக்கிட்டு ராவுவானாம். நகமே பாதி இல்ல. அப்புறம் குழாய் அடைக்கிற எம்-சீல் இருக்குல்ல, அத நூலாத் திரிச்சு, அந்தச் சின்னத் தலையச் சுத்திச் சுத்தி பழைய தலைப்பாகை கட்டியிருக்கான். தடவித் தடவி. வெள்ளை மட்டும் ரெஜினா அடிச்சாங்களாம், அவன் சொல்லச் சொல்ல. அந்தம்மாவுக்குச் சரித்திரமும் தெரியாது ஒண்ணும் தெரியாது, கை நடுங்காம அடிச்சிருந்தாங்க.

ரெஜினா ஒவ்வொருத்தனா மேசைல நிறுத்தினாங்க. நான் லென்ஸ எடுத்தேன். எல்லாத்தையும் பாத்தேன், ஒண்ணு விடாம. முக்கா மணி நேரம். அவன் இந்த நாற்காலியில உக்காந்து முழங்கால் மேல கைய வச்சுக்கிட்டு, நான் ஒண்ண வச்சிட்டு ஒண்ண எடுக்கற சத்தத்தக் கேட்டுக்கிட்டே இருந்தான்.

உங்ககிட்ட சொல்றதுக்கு என்ன சார், சரியா இருந்துச்சு. தொண்ணூத்தாறும் சரி. ஒவ்வொரு தலைப்பாகையும் ஒவ்வொரு கட்டு, ஆளுக்கு ஆள் கட்டிக்கிற மாதிரியே. வெளிநாட்டுக்காரன் அச்சுல வராது அது. நானும் இருபது வருஷமாப் பாக்கறேன், இப்படி ஒரு படைய நான் பாத்ததில்ல.

"எப்படி சார் இருக்கு?"ன்னான்.

இப்ப நீங்களே யோசிச்சுப் பாருங்க. ஒருத்தன் கண்ணே தெரியாம செஞ்சது நூத்துக்கு நூறு சரின்னு நான் சொன்னா, அப்புறம் கண்ணு இருக்கறவன் எதுக்கு? நான் எதுக்கு? "பரவால்ல ஸ்டனிஸ், அஞ்சு மட்டும் சரியில்ல"ன்னேன்.

அவன் மூஞ்சில ஒண்ணும் மாறல. கைய நீட்டினான். "குடுங்க சார்."

கைக்கு எட்டின அஞ்சு பேர எடுத்து அவன் உள்ளங்கைல வச்சேன். கட்டை விரலால ஒவ்வொருத்தன் தலையையும் தடவினான். மொதல் ஆள், ரெண்டாவது ஆள், திரும்ப மொதல் ஆள். ரெஜினா என்னையும் பாத்தாங்க, அந்த அஞ்சு பேரையும் பாத்தாங்க. "இதுல என்னங்கண்ணே தப்பு?"ன்னாங்க. அத அவனே கண்டுபிடிக்கறதுதான்மா தொழில்னேன். ஸ்டனிஸ் தலையாட்டினான். "சார் சொன்னா இருக்கும்"னு அஞ்சு பேரையும் கர்ச்சீப்ல சுத்தி சட்டைப் பைல வச்சுக்கிட்டான். மீதி தொண்ணூத்தொண்ணு இங்கயே இருக்கு, அந்தப் பீரோல. காபி குடிச்சிட்டுக் காட்டறேன்.

இப்ப சிக்கல் என்னன்னா, தொண்ணூத்தொண்ண வச்சு ஆட முடியாது. பன்னண்டாவது அணில மூணே பேரு. நீங்க வர்றீங்கன்னதும் நேத்து சாயங்காலம் ஃபோன் போட்டேன், அந்த அஞ்சையும் குடுத்து அனுப்புங்க, ஒரு புது ஆளு வர்றாரு, சிப்பாய் பக்கம் அவரு ஆடட்டும்னு. ரெஜினாதான் எடுத்தாங்க.

"தர முடியாதுங்கண்ணே. இன்னும் முடிக்கல. காலைல எந்திரிச்சதும் கைல எடுக்கறாரு. கட்டினத ராவுறாரு, திரும்பக் கட்டறாரு, திரும்ப ராவுறாரு. சோறு திங்கும்போதும் இடது கைல ஒண்ணு இருக்கு. விரல் நுனியெல்லாம் புண்ணு. என்ன தப்புன்னு தெரியலையே ரெஜினான்னு என்னைக் கேக்கறாரு. எனக்கு என்ன தெரியும்? நீங்க என்ன தப்புன்னு மட்டும் ஒரு வார்த்தை சொல்லிடுங்கண்ணே. நான் அவருகிட்ட சொல்லிடறேன், திருத்திட்டு விட்டுடுவாரு."

யோசிச்சு சொல்றேம்மான்னு வச்சிட்டேன்.

நேத்து ராத்திரியிலேர்ந்து யோசிக்கறேன் சார். ஒண்ணும் தோண மாட்டேங்குது. நீங்களும் நாலு விஷயம் படிச்ச ஆளு. ஒரு தலைப்பாகைல என்னதான் தப்பு சொல்ல முடியும், சொல்லுங்க?